வஞ்சினம் கூறாத வீரன்: கான்சாகிபு கதையில் கூலிப்படையும் துரோகமும் பழியும்

ஆய்வுச் சுருக்கம்

கும்பினிப் படையில் சிப்பாய்த் தளபதியாக உயர்ந்து, மதுரையின் ஆளுநராகி, உடனிருந்தவர்களால் காட்டிக் கொடுக்கப்பட்டு 1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் என்னும் கான்சாகிபுவின் கதையில் பழிவாங்கல் என்னும் கூறு எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நா.வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடல், ஓர்ம், ஹில் ஆகியோரின் வரலாற்று நூல்கள், சம்மட்டிபுரத்து அடக்கத்தலத்தைச் சுற்றிய மரபு ஆகியன ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. கூலிக்குப் போர் செய்பவனுக்குத் தமிழ்ப் புறமரபு செஞ்சோற்றுக்கடனை அளித்தது. வஞ்சினம் கூறும் உரிமையை அளிக்கவில்லை என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கான்சாகிபு, கதைப்பாடல், வஞ்சினம், செஞ்சோற்றுக்கடன், கூலிப்படை, மதுரை, துரோகம்.

முன்னுரை

மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும் கான்பாளையமும் இன்றும் உள்ளன. அப்பெயர்களை நாள்தோறும் சொல்பவர்களுள் பெரும்பாலோர்க்கு அவற்றுக்குரிய மனிதன் யாரென்பது நினைவில் இராது. நகரின் மேற்கே, திண்டுக்கல் சாலையை ஒட்டிய சம்மட்டிபுரத்தில் அவனுடைய அடக்கத்தலம் இருக்கிறது. அங்கு அடங்கியிருப்பது முழு உடல் அன்று என்பது மரபுச் செய்தி. தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்றும், இறந்த பின்னர் உடல் துண்டிக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டது என்றும் அம்மரபு கூறுகிறது.

ஒருவனைக் கொன்ற பின்னும் அவன் உடலைக் கூறுபோட வேண்டும் என்று கொன்றவர்கள் கருதினால், இறந்தவன் திரும்பி வருவான் என்று அவர்கள் அஞ்சினார்கள் என்பது பொருள். ஆயின் கான்சாகிபு திரும்பி வரவில்லை. அவன் பொருட்டு வாளெடுத்து வந்த மகனோ, தம்பியோ, தோழனோ வரலாற்றில் இல்லை. தன்னைக் கட்டிக் கொடுத்தவர்கள் மீது அவன் வஞ்சினம் உரைத்ததாகவும் வலுவான மரபு எதுவும் உருவாகவில்லை. கண்ணகியின் சினத்தால் எரிந்ததாகக் காப்பியம் கூறும் ஊரில் இது வியப்புக்குரியது. இவ்வின்மைக்குக் காரணம் என்ன என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

செஞ்சோறும் சம்பளமும்

தொல்காப்பியம் வஞ்சினத்தைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. இன்னதை முடிக்கத் தவறின் எனக்கு இன்ன கேடு வருவதாக என்று தன்மேல் தானே கேடு கூறிக்கொள்வது அதன் அமைப்பு. புறநானூற்றில் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் இத்துறையில் அமைந்தவை. மூன்றையும் பாடியோர் அரசர்கள். அவற்றுள் 72ஆம் பாடல் மதுரையோடு நேரடித் தொடர்புடையது. அதனைப் பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். அவன் பணயமாக வைப்பவை யாவை என்று நோக்க வேண்டும். தன்னைக் குடிகள் கொடியன் என்று தூற்றட்டும் என்கிறான். மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நிலத்தைப் பாடாது ஒழியட்டும் என்கிறான். குடிகளும் புலவரும் நிலமும் உடையவனே அவற்றைப் பணயம் வைக்க முடியும். வஞ்சினம் உடைமையாளனின் மொழி.

பிறர்க்காகப் போர் செய்பவனுக்கு மரபு வழங்கியது வேறொன்று, அது செஞ்சோற்றுக்கடன். கர்ணனும் கும்பகருணனும் இக்கடனின் பேருருவங்கள். தாம் நிற்கும் பக்கம் தவறு என்று அறிந்தும் அவர்கள் விலகவில்லை. ஆனால் இவ்விருவருமே கூலியாட்கள் அல்லர் என்பதை நாம் போதிய அளவு கருதுவதில்லை. ஒருவன் நண்பன், மற்றவன் உடன்பிறந்தான். சோறு என்பது அங்கே உறவின் குறியீடு. மாதச் சம்பளம் பெற்று, நிலுவை நின்றால் முணுமுணுத்து, வேறிடத்தில் கூடுதலாகக் கிடைத்தால் மாறும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாய்க்கு இவ்வறம் எவ்வளவு பொருந்தும்? தமிழ் இலக்கியத்தில் இக்கேள்வியை நேரடியாக எதிர்கொள்ளும் சில பனுவல்களுள் கான்சாகிபு பற்றியவை முதன்மையானவை.

பொன்னியப்பன் செய்தி

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் மருதநாயகம் என்ற பெயரில் பிறந்து, பின்னர் இசுலாத்தைத் தழுவியதாக மரபு கூறும் இவ்வீரன், 1752 அளவில் கிளைவின் கீழ்க் கும்பினிப் பணியில் சேர்ந்தான். திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சூழ்ந்து நடந்த போர்களில் ஸ்டிரிங்கர் லாரன்சின் நம்பிக்கைக்குரியவன் ஆனான். அவன் வாழ்வில் துரோகத்தின் முதல் நிகழ்ச்சி இக்காலத்தில்தான் நேர்கிறது.

ஆங்கிலப் படைத்தலைமையின் முதன்மை மொழிபெயர்ப்பாளன் பொன்னியப்பன் என்பவன். இருதரப்புக்கும் நடுவே நிற்கும் நாக்கு அவனுடையது. மைசூர்த் தரப்புடன் அவனுக்கு மறைமுகத் தொடர்பு இருந்தது. யூசுப்கான் எதிரியுடன் உடன்படிக்கை செய்துகொள்வதுபோல் புனையப்பட்ட மடல் ஒன்று 1754இல் ஆங்கிலேயர் கைக்குச் சேரும்படி அவன் சூழ்ந்தான். யூசுப்கான் ஐயத்துக்கு உள்ளாகி விசாரிக்கப்பட்டான். விசாரணையில் புனைவு வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான்.

ஓர்ம் எழுதிய வரலாற்றின் முதல் தொகுதியில் இச்செய்தி விரிவாக உள்ளது. அத்தொகுதி இலண்டனில் வெளிவந்த ஆண்டு 1763. அதே ஆண்டில்தான் கும்பினிப் படை அவன் வசமிருந்த மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டது. பொய்க் குற்றச்சாட்டிலிருந்து மீண்ட விசுவாசமிக்க தளபதியாக யூசுப்கானை இலண்டன் வாசகர்கள் படித்துக்கொண்டிருந்தபோது, அதே குற்றச்சாட்டு உண்மையாகிவிட்டது என்று கூறிக் கும்பினி அவன்மேல் குண்டு வீசிக்கொண்டிருந்தது. இரண்டாம் தொகுதி 1778இல் வந்தது. அதன் கதை 1761உடன் நின்றுவிடுகிறது. ஆகவே ஓர்மின் நூலுக்குள் யூசுப்கான் ஒருபோதும் துரோகி ஆவதில்லை. நூலின் கால எல்லை அவனைக் காப்பாற்றிவிட்டது எனலாம்.

பொன்னியப்பன் செய்தியில் இக்கட்டுரைக்கு வேண்டிய கூறு இது: துரோகம் செய்த உடனிருந்தவன் தண்டிக்கப்படுகிறான், ஆனால் பாதிக்கப்பட்டவன் கையால் அன்று. விசாரணை, தீர்ப்பு, பீரங்கி மூன்றும் கும்பினியுடையவை. பழி தீர்க்கும் உரிமையைப் படைவீரன் சம்பளத்தோடு சேர்த்து எசமானனிடம் ஒப்படைத்துவிடுகிறான். எசமானன் நம்பும்வரை அது அவனுக்குச் சார்பாக இயங்கும். நம்பிக்கை மாறும்போது அதே பீரங்கி திரும்பும்.

தோழன் யார்?

1758 இறுதியில் லாலியின் பிரெஞ்சுப்படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டது. செங்கல்பட்டில் இருந்த காப்டன் அக்கிலீஸ் பிரஸ்டனும், தென்னாட்டிலிருந்து தன் படையுடன் வந்த யூசுப்கானும் இணைந்து பிரெஞ்சுப் படையின் பின்புறத்தை ஓயாது தாக்கினர். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. இவ்விருவரும் ஒரே களத்தில் நின்றவர்கள். ஒருவர் திறமையை ஒருவர் கண்ணால் கண்டவர்கள்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1764 ஜூன் 26 அன்று, மதுரைக் கோட்டையின் மதில் உடைப்பில் ஏறிய தாக்குதலில் மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்றுப் பின்னர் இறந்தார். தாக்குதலை முறியடித்தவன் யூசுப்கான். அவனோடு மதிலுக்குள் நின்றவர்கள் மார்ச்சண்ட் என்பவன் தலைமையிலான பிரெஞ்சு வீரர்கள். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த பின் போக்கிடம் தேடியவர்களுள் அவர்களும் அடங்குவர். ஆக, சென்னையில் யாரை எதிர்த்து யாருடன் நின்றானோ, மதுரையில் அவர்களுடன் நின்று இவர்களை எதிர்த்தான். பழைய பகைவன் கூலிக்கு வந்த தோழன். பழைய தோழன் மதிலுக்கு வெளியே பகைவன்.

இந்நிலையில் ‘துரோகம் செய்த முன்னாள் தோழன்’ என்ற தொடரை யாருக்குப் பொருத்துவது? கும்பினியின் கணக்கில் அது யூசுப்கானையே குறிக்கும். எஸ்.சி.ஹில் 1914இல் எழுதிய நூலின் தலைப்பே அவனைக் கலகத் தளபதி என்று சுட்டுகிறது. நூலின் உள்ளே ஹில் காட்டும் மதிப்பும் பரிவும் தலைப்பை மீறிச் செல்வன என்பதையும் சொல்ல வேண்டும்; தமிழில் எழுதுவோர் பலர் தலைப்போடு நின்றுவிடுகின்றனர். யூசுப்கானின் கணக்கிலோ துரோகம் முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது. 1759இல் ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய்க்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அவனுக்குக் குத்தகைக்கு விட்டது கும்பினி. சீமை தன் இறையாண்மைக்கு உட்பட்டது என்று நவாபு முகம்மது அலி வற்புறுத்தவே, அவனை நவாபுவின் கீழ்ப் பணியாளனாக்கியது. கூடுதல் தொகை தருவதாக அவன் கூறியும் பயனில்லை. 1763இல் அவன் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான்.

குத்தகை என்ற சொல்லில் நின்று பார்க்க வேண்டும். சம்பளக்காரன் குத்தகைதாரன் ஆனபோது சோற்றுக்கடன் என்னும் உறவு முடிந்துவிட்டது என்று அவன் கருதினான்; கும்பினி அவ்வாறு கருதவில்லை. நிலத்தில் கால் ஊன்றியவனுக்கு வஞ்சினம் கூறும் தகுதி அரும்புகிறது. புறநானூற்று அரசர்களுக்கு இருந்ததைப் போலப் பணயம் வைப்பதற்கு அவனுக்கும் ஏதோ கிடைத்துவிட்டது: ஒரு கோட்டை, ஒரு சீமை, மாசா என்னும் மனைவி, ஒரு குழந்தை. அது முற்றாக விளைவதற்குள் அவன் கதை முடிந்தது.

மூவர்

ஜூன் தாக்குதல் தோற்றபின் மேஜர் சார்லஸ் காம்பெல் முற்றுகையை இறுக்கினார். மதுரைச் சமவெளியில் முற்றுகை என்றால் பசி என்றே பொருள். வைகையைக் கடந்து வரும் நெல் வண்டிகள் நின்றால் கோட்டைக்குள் ஏதுமில்லை. அக்டோபரில் திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, மார்ச்சண்ட் ஆகியோர் ஒன்றுகூடி, தொழுகையில் இருந்த யூசுப்கானைப் பிடித்து அவனுடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர் என்பது பரவலாக வழங்கும் செய்தி. காம்பெலிடம் ஒப்படைக்கப்பட்ட அவனைக் கும்பினி நவாபுவிடம் கொடுத்தது. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டவர் நவாபு.

இம்மூவரின் தேர்வு கதைமரபின் கூர்மையைக் காட்டுகிறது. ஒருவன் பணத்தின் கணக்கை வைத்திருப்பவன். ஒருவன் உடலைத் தொடும் உரிமை பெற்றவன். ஒருவன் ஆயுதத்தைக் கையாள்பவன். ஆள்பவன் முதுகைத் திருப்பி நிற்கக்கூடியவர்கள் இம்மூவரே. ஆங்கிலப் பதிவுகள் மார்ச்சண்டையே முன்னிறுத்துகின்றன. படைத்தலைவன் படைத்தலைவனிடம் சரணடைந்தான் என்பதே அவற்றின் சட்டகம். உள்நாட்டுக் கதைகூறலுக்குத் திவான் முக்கியமானவன். கணக்கனின் கரவு கிராமத்து மனிதன் அன்றாடம் அறிந்தது. பிரெஞ்சுக்காரனின் கரவு அவனுக்கு அயல்.

மார்ச்சண்ட் செய்ததைத் துரோகம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவன் நாடும் அரசும் இந்தியாவில் தோற்றுவிட்டன. அவன் விற்றது வாளை மட்டுமே. வாங்கியவனால் உணவும் ஊதியமும் தரமுடியாத நிலையில் அவ்விற்பனை முறிந்தது. யூசுப்கான் கும்பினிக்குச் செய்ததும் வடிவத்தில் இதுவே. வேறுபாடு செயலின் தன்மையில் உள்ளது: ஒருவன் கொடியை வெளிப்படையாக மாற்றினான், மற்றவன் தொழுகைப் பாயில் கையை முறுக்கினான். கதைமரபு இவ்வேறுபாட்டைச் சரியாகவே பற்றிக்கொண்டது.

தொழுகை நேரம் என்னும் கூறு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்த முத்தநாதனைப் பணியும்போதே குத்தப்பட்டார். வாளெடுத்த மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, கொலைஞனை ஊறின்றி ஊரெல்லைக்கு வெளியே விட்டுவரச் செய்தார். வழிபாட்டின் கணத்தில் வஞ்சிக்கப்பட்டவன் பழியைத் துறக்கிறான் என்ற படிமம் அங்கே நிலைபெற்றுவிட்டது. கான்சாகிபு கதையை வழங்கிய பல சமயத்து மக்கள் அப்படிமத்தின் நிழலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவன் வஞ்சினம் கூறாமை குறையாகத் தோன்றாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதைப்பாடலில் பழி

நா.வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட ‘கான்சாகிபு சண்டை’யில் பழி உண்டு, ஆனால் அது கான்சாகிபுவினுடையது அன்று. கதையை இயக்கும் விசை சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை. கான்சாகிபுவின் விரிவாக்கத்தால் சிவகங்கைச் சீமைக்கு நேர்ந்த இழிவைத் துடைக்க நவாபையும் கும்பினியையும் திரட்டுபவர் அவரே. மேலே கூறிய இலக்கணப்படி வஞ்சினத்துக்கு உரியவர் அவர்தாம்: சீமை உண்டு, அரசர் உண்டு, குடிகள் உண்டு. கான்சாகிபு எவ்வளவு வீரனாகப் பாடப்பட்டாலும் சினத்தின் அறம் பிள்ளையின் பக்கத்தில் வைக்கப்படுகிறது.

இப்பாடலைக் கும்பினி எதிர்ப்பின் சான்றாக மட்டும் வாசிப்பது பிற்கால வழக்கம். கான்சாகிபுவை முதல் விடுதலை வீரர்களுள் ஒருவராகக் காட்டும் நூல்களுக்கு இதுவே அடிப்படை. இவ்வாசிப்பு எளிதில் நிற்காது. பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்கள் மீது கும்பினிக்காகப் படை நடத்தியவனும் இதே கான்சாகிபு. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881) இப்படையெடுப்புகளை விரித்துரைக்கிறது. பாளையக்காரரைப் போற்றும் நூலும் கான்சாகிபுவைப் போற்றும் நூலும் ஒரே அலமாரியில் முரணின்றி நிற்கின்றன என்றால், இரண்டையும் நாம் கவனமாகப் படிக்கவில்லை. ‘கலகக்காரன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘விடுதலை வீரன்’ என்ற தமிழ்ச் சொல்லும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒன்று அவன் கும்பினிக்குக் கடன்பட்டவன் என்கிறது. மற்றது மண்ணுக்குக் கடன்பட்டவன் என்கிறது. அவன் கூலிப்படைத் தலைவன் என்ற உண்மையை இரண்டும் மூடுகின்றன. அதைத் திறந்து பார்ப்பதால் அவன் பெருமை குறையும் என்று நான் கருதவில்லை.

இறந்தபின்

கொடுஞ்சாவு உற்றவன் தெய்வமாதல் இந்திய வாய்மொழிக் காவியங்களில் பரவலான அமைப்பு என்று ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் விளக்கியுள்ளார். மதுரைவீரன் இதற்கு அருகிலுள்ள சான்று. நாயக்க மன்னன் பணியில் கள்ளரை அடக்க அமர்த்தப்பட்டு, அதே மன்னன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் அவன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே காவல் தெய்வமாய் நிற்கிறான். தன்னை வெட்டிய ஊரையே காக்கிறான் என்பது எவ்வளவு விந்தையான தீர்வு! பழி, காவலாக மாற்றப்பட்டுவிட்டது. ஊர் அவனுக்குப் படையலிட்டு மீண்டும் பணியில் அமர்த்திக்கொண்டது என்றும் சொல்லலாம்.

கான்சாகிபுவின் உடலும் துண்டமாயிற்று. அவனும் அடக்கத்தலத்தில் வணங்கப்படுபவன் ஆனான். சம்மட்டிபுரத்துக் கட்டடம் 1808இல் எழுப்பப்பட்டதாகக் கூறுவர். ஆயினும் மதுரைவீரன் பெற்ற பரவலை அவன் பெறவில்லை. கும்பினியின் ஆட்சி தொடர்ந்தது காரணமாகலாம். அவனைச் சொந்தம் கொண்டாட ஒரு சாதியோ ஒரு பாளையமோ இல்லாதது அதனினும் வலிய காரணம் என்பது என் எண்ணம். கூலிப்படைத் தலைவனுக்குப் பங்காளிகள் இல்லை.

இவ்விடத்தில் ஒரு திரைப்படத்தைச் சுட்டுவது பொருத்தம். 2008இல் வெளிவந்த சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையைக் களமாகக் கொண்டது. அரசியல்வாதியின் தம்பிக்காகக் கொலை செய்த இளைஞர்கள் அவனால் கைவிடப்படுகிறார்கள். அழகர் கொல்லப்பட, பரமன் அதற்குப் பழி தீர்க்கிறான். அப்பரமனை உடனிருந்த காசியே காட்டிக் கொடுக்கிறான். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து வெளிவரும் காசி, வாசலிலேயே குத்தப்பட்டு, மருத்துவமனையில் பழைய தோழன் கையால் முடிகிறான். கான்சாகிபு கதையில் திறந்தே கிடந்த இடத்தை இப்படம் மூடுகிறது. கைவிட்ட எசமானனுக்கான பழி உடனே தீர்கிறது. காட்டிக் கொடுத்த தோழனுக்கான பழியோ ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்து, படத்தின் தொடக்கமாகவும் முடிவாகவும் அமைகிறது. எசமானனின் வஞ்சகத்தை விடத் தோழனின் வஞ்சகமே பொறுக்க முடியாதது என்ற தரவரிசை அதில் உள்ளது. அவ்விளைஞர்களுக்கும் நிலமோ பதவியோ இல்லை. வஞ்சினத்துக்குப் பணயம் வைக்க அவர்களிடம் இருந்தது நட்பு ஒன்றே. மார்ச்சண்டுக்கும் யூசுப்கானுக்கும் இடையே அது இருந்ததா என்பதற்கு முற்றுகைக் காலத்து மடல்களில்தான் விடை தேட வேண்டும். கதைப்பாடலை ஓலைச்சுவடி மரபாக மட்டும் நோக்காமல், அம்மடல்களோடு வரிக்கு வரி ஒப்பிடும் பணி இவ்வினாவிலிருந்து தொடங்கலாம்.